‘டைஃபாய்டு பாசிட்டிவ்’ ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்? ரேபிட் டெஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

நாலு நாளாகக் காய்ச்சல், தலைவலி, பசியே இல்லை. ரத்தம் எடுக்கிறார்கள், கால் மணி நேரத்தில் ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு விழுகிறது, ‘டைஃபாய்டு பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் கைக்கு வந்துவிடுகிறது. கூடவே கல்ச்சருக்கும் (ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது) ரத்தம் அனுப்பியிருந்தால், ஐந்தாவது நாள் அங்கிருந்து ‘கிருமி எதுவும் வளரவில்லை’ என்று பதில் வரலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: ஸ்ட்ரிப் நெகட்டிவ், கல்ச்சரில் கிருமி. யார் சொல்வது சரி?

இந்தக் கேள்விக்கு ‘கல்ச்சர்தான் சரி’ என்று ஒரு வரியில் பதில் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். கிட் பெட்டியின் மேல் 95, 98 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புகிறவர்களும் உண்டு, அது பாதிகூட உண்மை இல்லை. ஒரு டெஸ்ட் எவ்வளவு துல்லியம் என்று சொல்ல வேண்டுமானால் அதை வேறு எதோடாவது ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். டைஃபாய்டில் சிக்கலே அங்கேதான், ஒப்பிடப் பயன்படுத்தும் அளவுகோலே ஓட்டை. அந்த ஓட்டை எப்படிப்பட்டது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அடிப்படையிலிருந்து போவோம்.

கிருமி எங்கே இருக்கிறது?

டைஃபாய்டை உண்டாக்குவது சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா. இதன் நெருங்கிய உறவுக்காரன் சால்மோனெல்லா பாராடைஃபி ஏ உண்டாக்குவது பாராடைஃபாய்டு. நோயாளியைப் பார்த்து இது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்துக் குடல் காய்ச்சல் என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, டைஃபாய்டு மட்டும் வருடத்துக்குச் சுமார் 90 லட்சம் பேரைத் தாக்குகிறது, 1,10,000 பேர் இறக்கிறார்கள்.

அசுத்தமான தண்ணீர் அல்லது உணவு வழியாக உள்ளே போகும் கிருமி, குடல் சுவரைத் தாண்டி, நம் பாதுகாப்புச் செல்களுக்குள்ளேயே புகுந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று குடியேறிவிடுகிறது. ரத்தத்தில் சுற்றுவது அங்கிருந்து கசிந்து வரும் கொஞ்சம்தான். எவ்வளவு கொஞ்சம் என்றால், ஒரு மில்லி ரத்தத்தில் பெரும்பாலும் ஒரு கிருமி, சில நேரம் அதுகூட இருக்காது. ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடுவதைப் போல டைஃபிக் கிருமியை நேரடியாக ஒரு சொட்டு ரத்தத்தில் ஸ்ட்ரிப் வைத்துப் பிடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு இதுவே காரணம். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை இங்கே பெரிய வெற்றி பெறாததற்கும் இதே காரணம்தான், எடுத்த துளியில் கிருமியே இல்லாவிட்டால் எந்த மெஷினும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் இன்று சந்தையில் இருக்கும் டைஃபாய்டு ரேபிட் டெஸ்ட்களில் பெரும்பாலானவை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியைப் பார்த்து உடல் தயாரிக்கும் ஆன்டிபாடியைத் தேடுகின்றன. தெருவில் தீயணைப்பு வண்டி நிற்பதைப் பார்த்து ‘இந்த வீட்டில் தீ’ என்று முடிவு செய்வதைப் போன்றது இது. பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் மூன்று விதத்தில் ஏமாறலாம்:

1. தீ பிடித்துவிட்டது, வண்டி இன்னும் வந்து சேரவில்லை. காய்ச்சலின் முதல் சில நாட்களில் ஆன்டிபாடி போதுமான அளவு உருவாகியிருக்காது. முதல் வாரத்தின் கடைசியை ஒட்டித்தான் பலருக்கு அது ஏறத் தொடங்குகிறது.
2. தீ எப்போதோ அணைந்துவிட்டது, வண்டி இன்னும் கிளம்பவில்லை. பழைய தொற்றின் ஆன்டிபாடிகள் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், அவற்றில் ஐஜிஜி என்ற வகை இன்னும் நீண்ட காலம் இருக்கும்.
3. வண்டி வந்தது பக்கத்து வீட்டுத் தீக்கு. வேறு சால்மோனெல்லா, சில சமயம் சம்பந்தமே இல்லாத காய்ச்சல்கள்கூட, இதே ஆன்டிபாடியையோ இதைப் போன்ற ஒன்றையோ உருவாக்கிவிடும்.

என்னென்ன டெஸ்ட்கள்?

எல்லாவற்றுக்கும் தாத்தா விடால் பரிசோதனை. ஃபெர்னாண்ட் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896இல் வெளியிட்டது, இன்னும் ஓய்வு பெறவில்லை. கிருமியின் உடல் பகுதியில் உள்ள ‘ஓ’ ஆன்டிஜெனுக்கும் (ஆன்டிபாடி அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் பொருள்தான் ஆன்டிஜென்), அதன் வால் போன்ற இழைகளில் உள்ள ‘எச்’ ஆன்டிஜெனுக்கும் எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா, சீரத்தை (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த திரவம்) எத்தனை மடங்கு வரை நீர்த்தாலும் கிருமிகள் திரள்கின்றன என்று பார்ப்பதுதான் இது. ஒன்றுக்கு 80, ஒன்றுக்கு 160 என்றெல்லாம் ரிப்போர்ட்டில் வருவது அந்த நீர்ப்பு அளவு.

விடாலை முறையாகப் பயன்படுத்த வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பகுதியில் நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களிடம் சாதாரணமாக எவ்வளவு இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் ஒரே தடவை, அதுவும் ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதப்படுகிறது. அப்படிச் செய்யும்போது விடாலின் பலவீனங்கள் அத்தனையும் மிஞ்சுகின்றன, பலம் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

அடுத்த தலைமுறையில் அதிகம் ஆராயப்பட்டவை மூன்று:

1. டைஃபிடாட். மலேசியாவின் சைன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள 50 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்துக்கு எதிரான ஐஜிஎம், ஐஜிஜி இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். ஐஜிஎம் என்பது புதிய தொற்றின் தொடக்கத்தில் வருவது என்பதால் அதை மட்டும் பார்க்கும் டைஃபிடாட்-எம் பின்னால் வந்தது.
2. டியூபெக்ஸ். சுவீடன் தயாரிப்பு. ‘ஓ9’ ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடியைக் காந்தத் துகள்களை வைத்துக் கண்டுபிடிக்கும். சிவப்பு என்றால் நெகட்டிவ், நீலம் என்றால் பாசிட்டிவ், நடுவில் உள்ள நிறங்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். 4 அல்லது மேல் இருந்தால் பாசிட்டிவ், 3 வந்தால் எல்லைக்கோடு. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த சீரமாக இருந்தால் நிறத்தைப் படிப்பதே தகராறு.
3. டெஸ்ட்-இட் டைஃபாய்டு. நெதர்லாந்தில் உருவான ஸ்ட்ரிப் வகை. கிருமியின் மேற்பூச்சான கொழுப்புச் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஎம்மைப் பார்க்கும்.

ஓ9 டைஃபிக்கு மட்டும் சொந்தமானது இல்லை, உணவு நச்சு உண்டாக்கும் சால்மோனெல்லா என்டரிடிடிஸிலும் அது உண்டு. பாராடைஃபி ஏ கிருமியிலோ ஓ9 கிடையாது, ஓ2தான். ஆக டியூபெக்ஸ் என்டரிடிடிஸைப் பார்த்து டைஃபாய்டு என்று சொல்லலாம், பாராடைஃபாய்டைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லலாம். இரண்டுமே டெஸ்ட்டின் கோளாறு இல்லை, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இரண்டு எண்கள், அப்புறம் மூன்றாவது ஒன்று

டெஸ்ட்டின் தரத்தை இரண்டு எண்களால் சொல்கிறார்கள். உண்மையிலேயே டைஃபாய்டு உள்ள 100 பேரில் எத்தனை பேரை அது பாசிட்டிவ் என்று பிடிக்கிறது என்பது உணர்திறன். டைஃபாய்டு இல்லாத 100 பேரில் எத்தனை பேரைச் சரியாக நெகட்டிவ் என்று விடுவிக்கிறது என்பது தனித்தன்மை.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டுமே நேரடியாக உதவாது. அவருக்குத் தெரிய வேண்டியது ‘எனக்குப் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, எனக்கு டைஃபாய்டு இருக்க வாய்ப்பு எவ்வளவு?’ என்பது. இது டெஸ்ட்டை மட்டும் பொறுத்ததில்லை. காய்ச்சலோடு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே டைஃபாய்டு இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் ஏறும். உணர்திறன் 78, தனித்தன்மை 87 உள்ள ஒரு டெஸ்ட் (இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னால் சொல்கிறேன்). காய்ச்சலோடு 1000 பேர் வருகிறார்கள்.

1. அவர்களில் 300 பேருக்கு டைஃபாய்டு என்றால்: 234 பேரைச் சரியாகப் பிடிக்கும், 66 பேரைத் தவறவிடும். மீதி 700 பேரில் 91 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 325 பேரில் 72 சதவீதம் பேருக்கு நோய் நிஜம்.
2. 100 பேருக்கு மட்டும் டைஃபாய்டு என்றால்: 78 நிஜ பாசிட்டிவ், 117 பொய் பாசிட்டிவ். அதாவது பாசிட்டிவ் என்ற சீட்டு வாங்கியவர்களில் 40 சதவீதம் பேருக்குத்தான் நோய்.
3. வெறும் 20 பேருக்கு என்றால்: 16 பேர் நிஜம், 127 பேர் பொய். பாசிட்டிவ் வந்த ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் டைஃபாய்டு.

கிட் மாறவில்லை, ரத்தம் எடுத்தவர் தவறு செய்யவில்லை, ஆனால் அதே இரண்டு கோடுகளின் அர்த்தம் 72இலிருந்து 11 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் எல்லா டெஸ்ட்டும் எழுதிவிடும் வழக்கம் எவ்வளவு கெடுதல் என்பது இந்த மூன்றாவது கணக்கிலேயே இருக்கிறது.

நெகட்டிவ் ரிப்போர்ட்டின் கதை வேறு. இரண்டாவது கணக்கில் நெகட்டிவ் வந்த 805 பேரில் 22 பேருக்கு மட்டும் நோய் இருக்கும், அதாவது 97 சதவீதம் நம்பலாம். முதல் கணக்கில் 675 பேரில் 66 பேர், கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். டைஃபாய்டு பரவிக்கொண்டிருக்கும் இடத்தில் பத்தில் ஒருவரை ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் கவனிக்காமல் விட்ட டைஃபாய்டு மூன்றாவது வாரத்தை ஒட்டிக் குடலில் ரத்தக் கசிவு, துளை என்று போகக்கூடியது.

அளவுகோல் ஓட்டையாக இருந்தால்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘உண்மையிலேயே டைஃபாய்டு உள்ள 100 பேர்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டோமே, அவர்களை யார் அடையாளம் காட்டியது?

பெரும்பாலான ஆய்வுகளில் அந்த வேலையை ரத்தக் கல்ச்சர் செய்கிறது. கல்ச்சரில் டைஃபி வளர்ந்துவிட்டால் பேச்சே இல்லை, நோய் உறுதி. ஆனால் மில்லிக்கு ஒரு கிருமி என்ற கணக்கை மறந்துவிடக் கூடாது. எடுக்கும் ரத்தம் குறைவாக இருந்தால், குழந்தையாக இருந்தால், ஏற்கெனவே இரண்டு வேளை ஆன்டிபயாட்டிக் விழுங்கிவிட்டு வந்திருந்தால், பாட்டிலில் ஒன்றும் வளராது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ரத்தக் கல்ச்சரின் உணர்திறன் சுமார் 60 சதவீதம்தான். எலும்பு மஜ்ஜையை எடுத்து வளர்த்தால் 80, 90 என்று போகும், ஆனால் காய்ச்சலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்க யார் சம்மதிப்பார்கள்?

இந்த 60 சதவீத அளவுகோலை வைத்து ஒரு டெஸ்ட்டை அளந்தால் என்ன ஆகும்? தவறே செய்யாத ஒரு தேவலோக டெஸ்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1000 பேரில் 300 பேருக்கு டைஃபாய்டு. நம் தேவலோக டெஸ்ட் 300 பேரையும் பாசிட்டிவ் என்கிறது, மற்ற 700 பேரையும் நெகட்டிவ் என்கிறது. கல்ச்சரோ 180 பேரை மட்டும் பிடிக்கிறது, மீதி 820 பேரையும் ‘நோயில்லாதவர்’ கணக்கில் சேர்த்துவிடுகிறது. ஆய்வறிக்கை இப்படி எழுதப்படும்: உணர்திறன் 100 சதவீதம், ஆனால் 820 பேரில் 120 பேருக்குப் பொய் பாசிட்டிவ், தனித்தன்மை 85 சதவீதம். ஒரு தப்பும் செய்யாத டெஸ்ட்டுக்கு 85 மதிப்பெண்!

நோய் குறைவாக உள்ள இடத்தில், 1000 பேரில் 100 பேருக்குத்தான் டைஃபாய்டு என்று வைத்தால், அதே டெஸ்ட்டுக்குத் தனித்தன்மை 96 வரும். ஒரே டெஸ்ட், இரண்டு இடம், இரண்டு மதிப்பெண். ஆய்வுகளுக்கு இடையே முடிவுகள் இவ்வளவு முரண்படுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

உணர்திறன் பக்கமும் சுத்தமில்லை. கல்ச்சர் நன்றாக வேலை செய்வது முதல் வாரத்தில், ஆன்டிபாடி நன்றாக ஏறுவது அதற்குப் பிறகு. கல்ச்சர் பாசிட்டிவ் ஆனவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆன்டிபாடி டெஸ்ட்டை அளந்தால், அது பலவீனமாக இருக்கும் நாட்களில் போய் அளக்கிறோம் என்று அர்த்தம். இன்னொரு பக்கம், ஆன்டிபயாட்டிக் எடுத்துவிட்டு வந்தவர்களுக்குக் கல்ச்சரும் வளராது, ஆன்டிபாடியும் குறைவாகவே உருவாகலாம். அவர்கள் கணக்கிலேயே வராமல் போவதால் டெஸ்ட்டின் உணர்திறன் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும்.

சரி, அப்படியானால் ‘கல்ச்சர் தவறவிட்டதைத்தான் எங்கள் கிட் பிடித்திருக்கிறது’ என்று எந்தக் கம்பெனியும் தப்பித்துக்கொள்ளலாமே? சொல்லலாம், சொல்கிறார்கள். அதைச் சோதிக்க வழிகள் இருக்கின்றன:

1. வேறு நோய் என்று உறுதியானவர்களிடம் பரிசோதிப்பது. மலேரியா, டெங்கு, அல்லது வேறு கிருமியால் வந்த ரத்தத் தொற்று என்று ஆதாரத்தோடு தெரிந்த காய்ச்சல்காரர்களிடம் கிட் பாசிட்டிவ் காட்டுகிறதா என்று பார்க்கலாம். அவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் பாசிட்டிவ் வந்தால் அந்தச் சாக்கு செல்லாது. இரண்டு நோயும் ஒன்றாக வந்திருக்கலாம்தான், ஆனால் அத்தனை பேருக்கா?
2. கூட்டு அளவுகோல். ரத்தக் கல்ச்சர், மஜ்ஜைக் கல்ச்சர், பிசிஆர் என்று எதில் பாசிட்டிவ் வந்தாலும் நோய் உண்டு என்று எடுத்துக்கொள்வது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கூட்டு அளவுகோலில் விடாலையும் சேர்த்துவிட்டு, அதைக் கொண்டு ஓ ஆன்டிபாடி பார்க்கும் இன்னொரு கிட்டை அளந்தால், மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திய கதைதான்.
3. மறைவகுப்புப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறை. எந்த ஒரு டெஸ்ட்டையும் நூறு சதவீதம் சரி என்று எடுத்துக்கொள்ளாமல், பல டெஸ்ட்களின் பதில்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை வைத்து, ஒவ்வொன்றின் பிழையையும் கணக்கிடுவது. ஒருவரையொருவர் தெரியாத மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்திலிருந்து நடந்ததை ஊகிப்பது மாதிரி. ஆனால் இரண்டு சாட்சிகள் ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னால் ஒற்றுமைக்கு மதிப்பில்லை. ஒரே ஆன்டிஜெனைப் பார்க்கும் இரண்டு டெஸ்ட்கள் சேர்ந்தே தவறும் என்பதால், அதைக் கணக்கில் எடுக்காத ஆய்வு இரண்டையும் உள்ளதைவிட நல்ல டெஸ்ட்டாகக் காட்டிவிடும்.

95 எப்படி 78 ஆகிறது

கிட் பெட்டியில் உள்ள எண்ணுக்கும் சுதந்திரமான ஆய்வில் வரும் எண்ணுக்கும் உள்ள இடைவெளிக்கு மோசடிதான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆய்வு அமைப்பிலேயே அது நடந்துவிடும்.

முதல் காரணம், யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பது. கல்ச்சரில் உறுதியான, நன்றாக முற்றிய டைஃபாய்டு நோயாளிகள் 50 பேர் ஒரு பக்கம், ரத்த தானம் செய்ய வந்த ஆரோக்கியமான 50 பேர் மறுபக்கம். எந்தச் சுமாரான டெஸ்ட்டும் இதில் பிரமாதமாக மதிப்பெண் வாங்கும். ஆனால் நிஜத்தில் ஆரோக்கியமானவருக்கு யாரும் டைஃபாய்டு டெஸ்ட் எழுதுவதில்லை. டெஸ்ட் பிரித்துக் காட்ட வேண்டியது டைஃபாய்டுக் காய்ச்சலையும் மற்ற காய்ச்சலையும். அதனால் நல்ல ஆய்வு என்பது காய்ச்சலோடு வரும் எல்லோரையும், முடிவு தெரியாமலே, வரிசையாகச் சேர்த்துச் செய்வது.

இரண்டாவது, தெளிவில்லாத முடிவுகள். டைஃபிடாட்டில் ஐஜிஜி மட்டும் வந்தால் அது புதிய தொற்றா பழையதா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் சதவீதம் அழகாகிவிடும். நோயாளியை அப்படித் தூக்க முடியுமா?

மூன்றாவது, எண்ணிக்கை. 60 டைஃபாய்டு நோயாளிகளில் 47 பேரைப் பிடித்தது, எனவே உணர்திறன் 78 சதவீதம் என்று எழுதுவார்கள். புள்ளியியல்படி அந்த 78க்கு அர்த்தம் ‘66க்கும் 87க்கும் நடுவில் எங்கோ’ என்பதுதான். இந்த வீச்சைச் சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

இது தவிர, காய்ச்சலின் எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தார்கள், ஸ்ட்ரிப்பைப் படித்தவருக்குக் கல்ச்சர் முடிவு முன்பே தெரியுமா, மங்கலான கோட்டை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள், கிட் கொடுத்த கம்பெனிதான் ஆய்வுக்கும் செலவு செய்ததா என்பதெல்லாம் வரிசையாக வரும்.

இப்போது அந்த 78, 87க்கு வருவோம். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2017இல் டைஃபாய்டு ரேபிட் டெஸ்ட்கள் பற்றி ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 37 ஆய்வுகள், 5080 பேர், 16 விதமான டெஸ்ட்கள். கிடைத்த சராசரிகள்: டியூபெக்ஸ் உணர்திறன் 78, தனித்தன்மை 87. டெஸ்ட்-இட்டும் அதன் முன்னோடிகளும் 69, 90. டைஃபிடாட் வகைகள் 84, 79. தெளிவில்லாத முடிவுகளை மறைக்காமல் சொன்ன டைஃபிடாட் ஆய்வுகளையும், அப்படி ஒரு முடிவுக்கே இடமில்லாத டைஃபிடாட் வடிவங்களையும் மட்டும் எடுத்தால் 84 என்பது 78 ஆகிறது, 79 என்பது 77 ஆகிறது. மேலே சொன்ன இரண்டாவது காரணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அதே தொகுப்பாய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு இரண்டு எண்கள். 37 ஆய்வுகளில் 11 மட்டுமே காய்ச்சலோடு வந்தவர்களைப் பொறுக்காமல் சேர்த்தவை. மஜ்ஜைக் கல்ச்சரையும் சேர்த்த உயர்ந்த அளவுகோலைப் பயன்படுத்தியவை வெறும் 3. அதாவது சராசரிகளே கொஞ்சம் தயவு தாட்சண்யத்தோடு கிடைத்தவைதான். ரத்தக் கல்ச்சருக்குப் பதிலாக இந்த டெஸ்ட்களை வைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்பதே அவர்கள் வந்து சேர்ந்த இடம்.

தவறான முடிவுக்கு விலை என்ன?

‘சந்தேகம்தானே, ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால் போச்சு’ என்பது பரவலாக இருக்கும் மனநிலை. இதில் இரண்டு இடத்தில் அடி விழுகிறது.

1. நிஜ நோய் மறைந்துபோகிறது. டைஃபாய்டு என்று பெயர் வைத்துவிட்டால் மலேரியாவையோ ஸ்க்ரப் டைஃபஸையோ லெப்டோஸ்பைரோசிஸையோ தேடுவதை நிறுத்திவிடுகிறோம். போதாததற்கு, சரியான மருந்து கொடுத்தாலும் டைஃபாய்டுக் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகும். அதனால் காய்ச்சல் இறங்காதபோதும் ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று தவறான பாதையிலேயே நாட்கள் போகும்.
2. மருந்து எதிர்ப்பு வளர்கிறது. டைஃபிக் கிருமி முதலில் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் மூன்றையும் எதிர்க்கக் கற்றது, பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தை. 2016இன் கடைசியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தொடங்கிய பரவலில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத வகை வந்தது. அதற்கு எதிராக மாத்திரை வடிவில் நம்பகமாக மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான்.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதைக் கல்ச்சர் சொல்லும், ஸ்ட்ரிப் சொல்லாது. கல்ச்சர் 40 சதவீதம் பேரைத் தவறவிட்டாலும் அதைக் கைவிட முடியாததற்கு என் பார்வையில் இதுவே முதல் காரணம். துல்லியத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதை மறந்துவிட்டால் பாதிக் கதைதான்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

1. காய்ச்சலின் எத்தனையாவது நாள் எடுத்த ரத்தம்? இரண்டாம் மூன்றாம் நாள் நெகட்டிவுக்குப் பெரிய மதிப்பில்லை.
2. ஐஜிஎம்மா, ஐஜிஜி மட்டுமா? ஐஜிஜி மட்டும் என்றால் அது பழைய கதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.
3. முன்பு டைஃபாய்டு வந்ததா? தடுப்பூசி போட்டதா? இதில் ஒரு நுணுக்கம்: இப்போது போடப்படும் கான்ஜுகேட் தடுப்பூசி கிருமியின் மேலுறையான ‘வி-ஐ’ சர்க்கரையை மட்டும் வைத்துச் செய்தது, அது ஓ, எச் ஆன்டிபாடிகளை உண்டாக்காது. எனவே விடாலையோ டியூபெக்ஸையோ அது குழப்ப வேண்டியதில்லை. முழுக் கிருமியைக் கொன்று செய்த பழைய தடுப்பூசிதான் விடாலைக் குழப்பியது.
4. வேறு காரணங்களைப் பார்த்தாயிற்றா? மலேரியா பரவும் இடத்தில் அந்த டெஸ்ட்டைச் செய்யாமல் டைஃபாய்டு ஸ்ட்ரிப்பை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியில்லை.
5. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்களா, எப்போது? ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், பெரியவர்களுக்கு எட்டுப் பத்து மில்லியாவது எடுத்தால்தான் அந்த 60 சதவீதமாவது கைகூடும்.

இவற்றை வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் ‘பொய் பாசிட்டிவாக இருக்கும்’ என்று நாமே முடிவு கட்டி, தொடங்கிய மருந்தைப் பாதியில் நிறுத்துவதற்கு இந்தக் கணக்கு எதுவும் அனுமதி கொடுக்கவில்லை. நாலு நாளுக்கு மேல் கடும் காய்ச்சல், வயிற்று வலி, சோர்வு என்று இருப்பவருக்கு டைஃபாய்டு வாய்ப்பு தொடக்கத்திலேயே அதிகம், அவருடைய பாசிட்டிவ் முதல் கணக்கைச் சேர்ந்தது, மூன்றாவது கணக்கை அல்ல.

அடுத்து என்ன?

ஆராய்ச்சி இப்போது இரண்டு திசையில் போகிறது. ஒன்று, தேடும் இலக்கை மாற்றுவது. மற்ற சால்மோனெல்லாக்களோடு பெரும்பாலும் பகிர்ந்துகொள்ளாத, டைஃபியும் பாராடைஃபி ஏயும் சுரக்கும் ஹீமோலைசின் இ போன்ற புரதங்களுக்கு எதிரான ஐஜிஏ வகை ஆன்டிபாடியைப் பார்ப்பது. ஐஜிஏ சீக்கிரம் வந்து சீக்கிரம் போவதால் பழைய தொற்றின் குழப்பம் குறையும், பாராடைஃபாய்டும் தப்பாது. இன்னொன்று, டாக்காவில் உள்ள ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனத்தில் உருவான முறை: சீரத்தைப் பார்க்காமல், நோயாளியின் வெள்ளணுக்களை ஓரிரு நாள் வளர்த்து, அவை அந்தச் சமயத்தில் சுரக்கும் ஆன்டிபாடியை மட்டும் பார்ப்பது. தீ எரியும்போது மட்டுமே இந்த வண்டி தெருவில் நிற்கும் என்பதால் துல்லியம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு லேப் வேண்டும், ஒன்றிரண்டு நாள் வேண்டும், அப்போது ‘ரேபிட்’ என்ற வார்த்தைக்கு அர்த்தமில்லாமல் போகிறது.

இந்தப் புதியவற்றையும் எதோடு ஒப்பிட்டு அளப்பது? அதே 60 சதவீத ரத்தக் கல்ச்சரோடுதான்.